பூட்டுக் கிழவர் ஒட்டிய கறுப்பு டேப்

சட்டை தைக்கும் கம்பெனியின் சைக்கிள் ஸ்டாண்டைக் காத்துவந்த கிழவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. அங்கே அவர் பூட்டு. பூட்டினாயா, பூட்டியதை இழுத்துப் பார்த்தாயா, சாவியை எங்கே வைத்தாய் என்று வருகிற ஒவ்வொருத்தியையும் குடைந்தெடுத்ததில் கிடைத்த பட்டம். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. உலகத்தில் அவர் நம்பியது பூட்டை மட்டும்தான், அதையும் முழுசாக நம்பவில்லை.

காரணம் இல்லாமலில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்டாண்டிலிருந்து ஒரு சிவப்பு சைக்கிள் காணாமல் போனது. புத்தம் புதுசு, பளபளவென்று நின்ற வண்டி. மேனேஜர் அவரை அறைக்குள் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, மெதுவான குரலில், "திருடினவன் உங்களுக்குத் தெரிஞ்ச ஆளா பெரியவரே?" என்று கேட்டார். கத்தியிருந்தால் கிழவர் அன்றைக்கே மறந்திருப்பார். மெதுவாகக் கேட்டதுதான் முள்ளாகத் தைத்துக்கொண்டது. அதிலிருந்து ஸ்டாண்டில் எது மின்னினாலும் எழுந்துபோய் அதன் பூட்டை இழுத்துப் பார்ப்பார்.

உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. கண்ணில் படுவதைத்தான் திருடன் எடுக்கிறான். படவே படாமல் செய்துவிட்டால்?

எலக்ட்ரிக் கடைக்குப் போய், வயரில் சுற்றுகிற கறுப்பு டேப்பைப் பை நிறைய வாங்கிவந்தார். முதலில் அகப்பட்டது மருமகளின் சைக்கிள். மருமகள் அதே கம்பெனியில் காலர் தைப்பவள். வானநீலத்தில் ஆசை ஆசையாக வாங்கியிருந்தாள். கிழவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குத்தவைத்து உட்கார்ந்து, கைப்பிடியிலிருந்து மட்கார்டு வரை சுற்றித் தீர்த்தார். பின்னால் இருந்த சிவப்பு வில்லை டார்ச் வெளிச்சத்தில் பூனைக்கண் மாதிரி மின்னியது. திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவேண்டியதில்லை பாருங்கள், அதையும் மூடினார். சக்கரக் கம்பிக்கு நடுவில் இருந்தவை, பெடலில் இருந்த மஞ்சள் வில்லைகள், ஒன்றையும் விடவில்லை. முன்னால் மாட்டுகிற பேட்டரி விளக்கைக் கழற்றி வீட்டு அலமாரியில் வைத்து, அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மருமகள் வந்து பார்த்தாள்.

"மாமா, இது சைக்கிளா எருமைக்கன்னா?"

"எருமையை எவன் திருடப்போறான்?"

"எருமையும் திருடு போகுது மாமா."

"அப்ப இன்னும் ரெண்டு சுத்து சுத்தணும்."

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். கிழவரோடு வாதாடி ஜெயிப்பதற்குள் அடுப்பில் இருப்பது கருகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

அதற்கப்புறம் ஸ்டாண்டில் ஒரு சைக்கிளும் காணாமல் போகவில்லை. டேப்பினாலா, திருடன் ஊரை விட்டே போய்விட்டானா, யார் கண்டது? ஆனால் பெண்கள், தாத்தா எனக்கும், எனக்கும் என்று வந்து நின்றார்கள். கிழவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு வண்டியாகக் கறுப்பாக்கினார். கம்பெனி கோட்டு கருநீலம். அதைப் போட்டுக்கொண்டு அவர்கள் வரிசையாக வெளியே போகும்போது அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் பார்த்ததெல்லாம் பகலில். வெளிச்சம் வந்தபின் வேலைக்கு வருவார், வெளிச்சம் இருக்கும்போதே வயல் குறுக்குப் பாதையில் நடந்து வீடு போய்ச் சேருவார். தன் கைவேலையை இருட்டில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அன்றைக்கு மழைமேகம் சீக்கிரமே இருட்டிக்கொண்டு வந்தது. மாற்றாள் வாட்ச்மேன் தாமதமாக வந்தான். கிழவரின் முழங்கால் வேறு வீங்கிக் கிடந்தது. வேன் ஓட்டுகிற மகன், அவரைக் கூட்டிப்போகக் கம்பெனி வாசலுக்கு வந்தான். வேன் முழுக்க மறுநாள் இறக்கவேண்டிய மெத்தைகள். கூரைவரை அடைத்திருந்தன.

ஷிப்ட் மணி அடித்து மருமகள் வந்தாள். மகன் அவளிடம், "நீயும் முன்னால ஏறிக்கோ. சைக்கிள் இங்கயே கிடக்கட்டும், காலையில எடுத்துக்கலாம்" என்றான்.

"ராத்திரி முழுக்க இங்கயா?" கிழவர் துள்ளினார். "இந்த வாட்ச்மேன் மூஞ்சியப் பாத்துட்டுமா சொல்றே?"

"பெரியவரே, நான் இங்கதான் நிக்கிறேன்" என்றான் வாட்ச்மேன்.

"தெரிஞ்சுதான்யா சொல்றேன்."

மருமகள் சமாதானத்துக்கு வந்தாள். "விடுங்க. நான் மெதுவா மிதிச்சுக்கிட்டே போறேன். என்னைத் தாண்டும்போது ஒரு ஹாரன் அடிங்க, கை காட்டுறேன்."

அவள் கிளம்பிவிட்டாள். வேனும் உடனே கிளம்பியிருக்கும். கிழவர்தான் வாட்ச்மேனைக் கூட்டிப்போய், மிச்சமிருந்த பூட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டச் சொன்னார். அவன் இழுத்தான். "பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுக்காதே, பூட்டுக்கு வலிக்கும்" என்று மகன் வேனிலிருந்து கத்தினான். ஒருவழியாகக் கிளம்பினார்கள்.

கம்பெனியிலிருந்து ஊருக்குப் போகிற குடோன் ரோட்டில் தெருவிளக்கு உண்டு, எரிவது கிடையாது. ஒரு பக்கம் நீளச் சுவர், மறுபக்கம் சேற்றுப் பள்ளம். மகன் மெதுவாகத்தான் ஓட்டினான். அவளைத் தேடிக்கொண்டேதான் ஓட்டினான். கிழவரும் முன்கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னும் காணோமே?"

"உங்க மருமக மிதிக்கிற மிதிக்கு இந்நேரம் அடுப்பே பத்தவச்சிருப்பா."

எதிரே ஒரு லாரி, முழு வெளிச்சத்தையும் முகத்தில் கொட்டிக்கொண்டு கடந்தது. அது போனதும் ரோடு முன்னைவிடக் கறுத்தது. மகன் கண்ணைக் கசக்கினான். கிழவர் இமைகொட்டாமல் பார்த்தார். ரோடு காலியாக இருந்தது.

காலி ரோட்டின் நடுவில், ஒரு பல் அளவுக்கு மஞ்சளாக ஏதோ ஒன்று மேலே போய்க் கீழே வந்தது.

மகன் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடித்தான். பின்னால் மெத்தையெல்லாம் சரிந்து முதுகுப் பலகையில் மோதியது. கிழவரின் நெற்றி கண்ணாடியில் போய் இடித்தது. டக்கென்று ஒரு சத்தம். இஞ்சின் அணைந்தது.

மகன் கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவேயில்லை.

"அப்பா," என்றான். "அது அவளா?"

கிழவர் கதவைத் திறந்து விழாத குறையாக இறங்கினார். பள்ளத்தின் ஓரத்தில் சேற்றில் அவள் உட்கார்ந்திருந்தாள். கோட்டுக் கை கிழிந்து முழங்கையில் ரத்தம். உயிர் இருந்தது, பேச்சு இருந்தது. பேச்சுதான் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

"என் டிபன் பாக்ஸ் மூடி எங்க மாமா? மூடி புதுசு. ஹாரன் அடிக்கச் சொன்னேனே. ஏன் அடிக்கலை?"

மகன் வந்து அவள் முன்னால் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் தலையைத் தொட்டான், தோளைத் தொட்டான், கால்விரலைக்கூடத் தொட்டுப் பார்த்தான். "உன்னைத் தேடிக்கிட்டேதான்டி வந்தேன். சத்தியமா. கண்ணு திறந்துதான் இருந்துச்சு. நீ இல்லை. நீ இல்லவே இல்லைடி."

வேனின் பக்கக் கண்ணாடி இடித்ததில் கைப்பிடி கோணி, சைக்கிள் முன்னால் போய் விழுந்து கிடந்தது. ஹெட்லைட் வெளிச்சம் நேராக அதன்மேல்தான் விழுந்தது. அப்படியும் கிழவர் அதைக் கண்ணால் கண்டுபிடிக்கவில்லை, காலால் இடித்துத்தான் கண்டுபிடித்தார். குனிந்து தடவினார். வேலையில் ஒரு குறை இல்லை. வெளிச்சம் வந்து விழுந்த இடத்திலேயே செத்தது. ஒரே ஒரு இடம், செருப்பு தேய்த்துத் தேய்த்து இடது பெடலில் டேப் பிய்ந்து, மஞ்சள் வில்லை வெளியே தெரிந்தது. அன்று காலையில் அதை அவர் பார்த்திருந்தார். நாளைக்கு ஒட்டித் தருகிறேன் என்று அவளிடம் சொல்லியும் இருந்தார்.

நாளைக்கு.

கிழவர் டேப்பின் நுனியை நகத்தால் பிய்க்க ஆரம்பித்தார். அப்போதுதான் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

கம்பெனிப் பக்கமிருந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் மேலாகக் கேட்டது பொத்தான் தைக்கிறவளின் குரல். மிஷின் சத்தத்தையே அமுக்கும் குரல் என்பதால் அவளுக்குச் சைரன் என்று பெயர். குரல் கேட்டது, செயின் உரசுவது கேட்டது, ஒரு பெல் அடித்தது. ரோட்டில் ஒருத்தியும் இல்லை. கிழவர் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். இருட்டு பேசிக்கொண்டு வந்தது, இருட்டு சிரித்தது.

அந்த இருட்டுக்குப் பின்னால், தூரத்தில், இரண்டு விளக்குகள் திரும்பி இந்த ரோட்டுக்குள் நுழைந்தன. லாரி.

"டேய், நாலு மூலை லைட்டையும் மினுக்க விடுடா!" என்று மகனைப் பார்த்துக் கத்திவிட்டுக் கிழவர் ஓடினார். வீங்கிய காலோடு அது ஓட்டமா, நொண்டலா, பார்க்க ஆள் இல்லை. "இறங்குங்க! எல்லாரும் ரோட்டை விட்டு இறங்குங்க!"

"யாரு, பூட்டு தாத்தாவா?" சைரன் சிரித்தாள். "என்ன தாத்தா, ரோட்டையும் பூட்டணுமா?"

"இறங்குடி கழுதை!"

கையில் அகப்பட்ட கைப்பிடியைப் பிடித்துப் பள்ளத்தின் பக்கம் இழுத்தார். ஒருத்தி விழுந்தாள், அவள்மேல் இன்னொருத்தி. திட்டிக்கொண்டே மற்றவர்களும் சேற்றில் கால் வைத்தார்கள். லாரி வந்தது. வேகம் குறையவில்லை. சற்றுமுன் அவர்கள் சிரித்துக்கொண்டு வந்த அதே தடத்தில், காற்றும் சேறும் முகத்தில் அடிக்கக் கடந்து போனது. வேனின் மினுக்கு விளக்கைப் பார்த்ததும் அங்கேதான் முதல்முறையாகப் பிரேக் போட்டு, ஒதுங்கித் தாண்டியது.

ஹாரன் அடிக்கவில்லை. யாரைப் பார்த்து அடிப்பான்? அவனைப் பொறுத்தவரை அது ஆளில்லாத ரோடு.

அந்த லாரி வெளிச்சம் தாண்டியபோது ஒரு கணம் அவர்கள் எல்லாரையும் கிழவர் பார்த்தார். பள்ளத்தோரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கரிக்கட்டை மாதிரி வரிசை. அவர் நினைத்ததைவிட அதிகம் பேர். அப்புறம் திரும்பவும் யாருமில்லை.

சைரன் பேசியபோது அது அவள் குரல் என்று கண்டுபிடிக்கச் சிரமமாக இருந்தது. "அவன் நம்மளப் பாக்கவே இல்லையா?"

"எப்படிப் பாப்பான்? நான்தானே ஒட்டினேன்" என்றார் கிழவர். "பிச்சுப் போடுங்க. நகத்தால பிச்சுப் போடுங்க. திருடன் கொண்டுபோனா போகட்டும், எழவு."

மருமகள் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். பேச்சு நிதானத்துக்குத் திரும்பியிருந்தது. "எல்லாரும் போன் டார்ச்சைப் போடுங்கடி. கடைசியில வர்றவ பின்பக்கம் பாத்துப் பிடிக்கணும். யாரும் மிதிக்க வேணாம். சுவரோரமா உருட்டிக்கிட்டே போவோம்."

வெளிச்சங்கள் ஒன்றொன்றாக எரிந்தன. அந்த வெளிச்சத்தில் முகங்கள் தெரிந்தன. கிழவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒட்டிக்கொடுத்த கைக்கு ஒவ்வொரு சைக்கிளும் நினைவிருந்தது. சில வண்டிகள் இங்கே இல்லை.

"சட்டைக் கை தைக்கிற லைன் பொண்ணுங்க எங்க?"

"அவங்க வீடெல்லாம் அந்தப் பக்கம்தானே தாத்தா. ஏரி ரோட்டுல போயிருப்பாங்க."

"போன் பண்ணு."

"பண்ணினா எவ எடுப்பா? மிதிக்கிறவ போன் பையிலல்ல கிடக்கும்." சொன்ன பிறகுதான், அவர்கள் இன்னும் இருட்டில் மிதித்துக்கொண்டிருப்பது சைரனுக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிழவர் வேனில் ஏறினார். "ஏரி ரோட்டுக்கு விடு" என்றார். மகன் சாவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "என்னால முடியாதுப்பா. இன்னொருத்தி மேல நானே ஏத்திட்டா?"

"நடக்கிற வேகத்துல போ. நான் கத்திக்கிட்டே வர்றேன்."

ஏரி ரோட்டில் சுவர்கூடக் கிடையாது. மகன் வேனை உருட்டிக்கொண்டு போனான், ஒரு கை ஹாரனிலேயே இருந்தது. கிழவர் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே விட்டுக்கொண்டு, "யாரு இருக்கீங்க? நில்லுங்க! யாரு இருக்கீங்க?" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஹெட்லைட் போன தூரம்வரை ரோடு கழுவிவிட்ட மாதிரி காலியாக இருந்தது. தண்ணீர்ச் சத்தம். தவளைச் சத்தம்.

"யாரும் இல்லப்பா. வீடு போய்ச் சேந்திருப்பாங்க" என்றான் மகன், காலைப் பிரேக்கிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டே.

"என்ன தாத்தா, எதுக்கு இப்படிக் கத்துறீங்க?"

குரல் கிழவரின் முழங்கைக்குப் பக்கத்தில் கேட்டது. கை நீட்டினால் தொடலாம். அவர் நீட்டினார். ஈரமான கோட்டுக் கை ஒன்று அகப்பட்டது. இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்துடா வண்டிய" என்றார். "அசையாதே. ஒரு அங்குலம் அசையாதே. இன்னும் எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு தெரியலை."