கிட்டத்துக்கு இடது கண்

லென்ஸ் கடைப் பெண் மூன்று வழி சொன்னாள். தூரத்துக்கு லென்ஸ் போட்டு, படிக்கும்போது மட்டும் மேலே கண்ணாடி மாட்டிக்கொள்வது. அல்லது, கிட்டமும் தூரமும் ஒரே லென்ஸில். ஆனால் விளக்கு வெளிச்சம் கொஞ்சம் புகைந்து தெரியும். இல்லையென்றால் வலது கண்ணுக்குத் தூரம், இடது கண்ணுக்குக் கிட்டம் என்று பாகம் பிரித்துக் கொடுத்துவிடுவது.

“கண்ணாடியே கூடாதும்மா. ஸ்டூடியோ லைட்டுல புகையும் ஆகாது,” என்றார் கணீர். தொலைக்காட்சியில் இருபத்திரண்டு வருடமாகச் செய்தி வாசிப்பவர். அலுவலகம் வைத்த பெயர் அது, அவருக்கும் ஆட்சேபமில்லை.

“அப்ப மூணாவதுதான் சார். பழக ரெண்டு வாரம் ஆகும். மூளைக்கு டைம் வேணும்.”

“நாளைக்கே வாசிக்கணும். மூளையை அங்க யாரும் கேக்கறதில்லம்மா.”

எல்லாம் புதிய நிர்வாகியால் வந்தது. “கண்ணாடி போட்டா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் மாதிரி இருக்கீங்கண்ணே,” என்று அன்பாகச் சொல்லிவிட்டு, முப்பது வயதுக்காரன் ஒருவனைத் தினமும் ஒத்திகைக்கு உட்காரவைத்திருந்தான். மாதக் கடைசியில் இருவரில் ஒருவர்தான். போன வாரம் எதிரே வரிகள் ஓடும் திரை நின்றுபோக, கணீர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், எழுத்தெல்லாம் எறும்பு. ஆறு நொடி விழித்தார். அந்த ஆறு நொடியை நிர்வாகி கூட்டத்தில் மூன்று முறை போட்டுக் காட்டினான். “தாள் சும்மா அழகுக்குத்தான் தம்பி. நிஜமான வாசிப்பாளன் அதைப் பார்க்கமாட்டான்,” என்று கணீர் சமாளித்தார். சரி, பார்க்காதவருக்கு எதற்கு என்று அன்றோடு அவருக்குத் தாள் அச்சடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அது அவருக்குத் தெரியாது.

மறுநாள் மாலை லென்ஸோடு வந்தவர் பவுடர் டப்பாவின் பின்பக்கம்வரை வாசித்தார்.

“என்ன சார், இன்னைக்குத்தான் எழுத்து கத்துக்கிட்ட மாதிரி?” என்றார் மேக்கப்காரர்.

அந்தக் குஷியில் அன்றைய செய்தி என்னவென்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. ஏழு மணிக்கு உட்கார்ந்தார். நான்காவது செய்தியில் திரை நின்றது. கணீர் பதறவில்லை. மேஜைமேல் கிடந்த தாளை எடுத்தார். இடது கண்ணில் ஒவ்வொரு எழுத்தும் செதுக்கிவைத்தது போல் நின்றது. கணீரென்று வாசித்தார்: இடிந்த கிடங்குக்குள் சிக்கிய ஒன்பது பேரும் உயிருடன் இருக்கிறார்கள், குரல் கேட்கிறது. திரை உயிர்பெறும்வரை ஒரு பிசிறில்லை.

வெளியே வந்ததும் கைகுலுக்கக் கையை நீட்டினார். யாரும் தொடவில்லை.

“அது நேத்து ஒத்திகைக்கு அந்தப் பையன் வெச்ச பேப்பர் சார். மதியமே ஒன்பது பேரையும் பொணமாத்தான் எடுத்தாங்க,” என்றார் மேக்கப்காரர், மெதுவாக.

வரவேற்பறைப் பெண் தொலைபேசியை நீட்டினாள். “ஒரு அம்மா சார். அவங்க வீட்டுக்காரர் உள்ள இருந்தவராம். போயிட்டார்னு மதியம் ஆளு வந்து சொன்னாங்களாம். நீங்க இருக்கார்னு சொன்னீங்களாம். உங்க வாயால இன்னொரு தரம் கேக்கணுமாம்.”

வாங்கிக்கொண்டார். தூரத்தில், கதவுக் கண்ணாடிக்கு அப்பால், அந்த முப்பது வயதுக்காரன் சட்டைக் காலரைச் சரிசெய்வது வலது கண்ணில் துல்லியமாகத் தெரிந்தது.

“சார்? இருக்கீங்களா சார்?” தொலைபேசியில் அந்த அம்மாவின் குரல்.

இடது கண்ணில் ரிசீவரின் சின்னச் சின்னத் துளைகள். ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம் போலிருந்தது.