ஜன்னலில் தூக்காத கை

விடியும் முன்பே சவேத்தாவின் கழுத்து அரிக்கத் தொடங்கிவிட்டது. குளிர் தடுக்கத் தளத்துக்குள் அடைக்கும் கண்ணாடிப் பஞ்சை வெட்ட வெட்டப் பொடி பறந்து சட்டைக்குள் இறங்கும்; வியர்வை பட்டால் நெருப்பாய் எரியும். மர உத்தரங்களுக்கு நடுவிலிருந்த பள்ளங்களில் அவள் பஞ்சை அமுக்கிக்கொண்டே போக, பின்னால் அவள் கணவன் லிவியு பலகை அடித்து மூடிக்கொண்டு வந்தான். கூட வேலை செய்யும் சாந்தோர் சுவரோரம் நுரைப்பட்டை ஒட்டினான். பலகைமேல் விரிப்பு, அதன்மேல் சிமெண்டுக் கலவை. கலவையைக் குழாயில் மேலே தள்ளும் பம்பு வண்டி வந்துவிட்டால் இந்த மாடி முடிந்தது.

திமிஷோரா நகரின் அந்தப் பழைய வீட்டில், இந்த மாடிக்கு நேர் கீழே இருந்த அறையில்தான் மூன்று பேரின் கட்டில்களும் கிடந்தன. முதலாளி கொடுத்த இடம். பழைய தளத்தைப் பெயர்த்தபோது சாப்பாட்டில் மண் கொட்டியதால், பஞ்சுக்கு அடியிலும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டிருந்தாள் சவேத்தா. வெளிச்சுவர் ஓரத்துக் கடைசிப் பள்ளத்தில் இன்று கை வைத்தபோது, அந்த விரிப்பில் தண்ணீர் தேங்கி நின்றது. சுவருக்குள் நுழையும் உத்தரத்தின் முனையில் ஸ்க்ரூடிரைவரை அழுத்தினாள். ஊறிய ரொட்டியில் இறங்குவதுபோல் பிடிவரை இறங்கியது. காளான் வாடை வந்தது.

"லிவியு, இங்க வா. முனையெல்லாம் மக்கிப் போச்சு."

குனிந்து பார்த்தவன் சுத்தியலை எடுத்தான். "மூடு. பலகைய அடிச்சிடறேன்."

"இதுக்குக் கீழ படுக்கறது யாரு?"

"நாமதான். வேலை போனா நாளைக்கு எங்க படுப்ப? வெளிய பனியப் பாத்தியா?"

நேற்றிரவு தன் போர்வையையும் அவள்மேல் போட்டுவிட்டு நடுங்கிக் கிடந்தவன் அவன். அவளால் கோபப்படவும் முடியவில்லை.

முதலாளி ஓவிடியு பளபளக்கும் காலணியோடு ஏறி வந்தார். ஸ்க்ரூடிரைவர் நின்ற இடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

"பழைய வீடுன்னா ஈரம் இருக்கத்தான் செய்யும். இந்த உத்தரம் எங்க தாத்தா காலத்துலேருந்து நிக்குது."

"மேல இவ்வளவு பாரம் இல்லாம நின்னுது, முதலாளி" என்றான் சாந்தோர். "கலவைய ஊத்தினா அது எங்க தலைக்கு வரும்."

"சரியான பயந்தாங்கொள்ளிடா நீ!"

"ஆமா. தைரியசாலி நீங்க, உங்க கட்டிலக் கொண்டுவந்து கீழ போடுங்க. இன்னிக்கு ராத்திரி நீங்க படுங்க, நாங்க ஊத்தறோம்."

சவேத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளிக்கு வரவில்லை.

"இஷ்டமில்லாதவங்க கீழ் அறைச் சாவிய வச்சிட்டு இப்பவே மூட்டையக் கட்டுங்க."

தெருவில் பம்பு வண்டி உறுமியது. தடித்த குழாய் ஜன்னல் வழியே உள்ளே வந்தது. மேலே குழாய் பிடிக்கிறவன் ஜன்னலில் கையைத் தூக்கிக் காட்டினால்தான் கீழே கலவையைத் தள்ளுவார்கள், அதுதான் வழக்கம். பிடிக்கிறவன் லிவியு.

அவன் குழாயைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனான். அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள் சவேத்தா. ஒரு பக்கம் மக்கிய மரம், மறுபக்கம் பனி.

லிவியு வெளியே பார்த்தான். பிறகு குழாயைப் பலகைமேல் மெல்ல வைத்தான். இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"முதல்ல உத்தரத்த மாத்துங்க, முதலாளி. அதுவரைக்கும் இந்தக் கை தூக்காது."

சாந்தோரும் வந்து உட்கார்ந்தான். ஓவிடியு ஜன்னலுக்கு ஓடித் தன் கையைத் தூக்கி ஆட்டினார்.

"குழாய் யார்கிட்ட இருக்கு?" கீழிருந்து பம்புக்காரன் கத்தினான்.

"நான் முதலாளி சொல்றேன், தள்ளுய்யா!"

"உங்க கைய யாரு கேட்டா? குழாய் பிடிக்கிறவன் கையக் காட்டச் சொல்லுங்க!"

சற்று நேரம் காத்திருந்து அவன் எஞ்சினை அணைத்தான்.

ஓவிடியு வேறு ஆட்களைத் தேடிப் போனில் இரைந்துகொண்டே படியிறங்கினார். இரவு எங்கே படுப்பதென்று மூவருக்கும் தெரியாது. சாந்தோர் ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் எடுத்து மூன்று பங்கு வைத்தான். படியில் கனத்த பூட்ஸ் சத்தம் கேட்டது. ஏறி வந்த பம்புக்காரன், மரத்தில் நின்ற ஸ்க்ரூடிரைவரைத் தொட்டுப் பார்த்தான். அவர்களோடு உட்கார்ந்தான். சாந்தோர் தன் பங்கைப் பிட்டு நாலாவது பங்கு வைத்தான்.

சவேத்தா லிவியுவின் கையைக் கோட்டுப் பைக்குள்ளிருந்து வெளியே இழுத்தாள். அதில் குத்தியிருந்த கண்ணாடி இழைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினாள்.