வேறெங்கும் இல்லாத செடி

அந்தச் செடிக்கு ஊர் அறிந்த பெயர் ஒன்றும் கிடையாது. அலுவலகத்தில் ஒரு எண் கொடுத்து வைத்திருந்தார்கள். அவளுக்கு அது வெறும் "நம்ம செடி". கல்குவாரிக்கு மேலே உள்ள சரிவில், பாறை இடுக்குகளில், முழங்கால் உயரத்துக்கு வளரும். இலையைக் கசக்கினால் தீக்குச்சி உரசின வாசனை அடிக்கும். வெயில் தணிந்த பிறகு பெரிய மனசு பண்ணி இரண்டு மூன்று மஞ்சள் பூ பூக்கும், அவ்வளவுதான். உலகத்திலேயே அந்த ஒரு சரிவில் மட்டும்தான் அது இருக்கிறது என்று அவள் எழுதிக் கொடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது.

எழுதிக் கொடுத்துவிட்டால் ஆயிற்றா? அழியும் நிலையில் உள்ளவை என்ற பட்டியலில் ஒரு செடி ஏற வேண்டுமென்றால் மதிப்பீட்டுக் குழு அதை எடுத்துப் பார்க்க வேண்டும். அதுவரை அது காத்திருக்கும் செடி. காத்திருக்கும் செடியை யார் வெட்டினாலும் பிடுங்கினாலும் கேட்க நாதியில்லை. குழுவோ வருஷத்துக்கு ஒரு தடவை கூடும். கூடினால் ஒரே ஒரு செடியை எடுத்துப் பார்த்துவிட்டு, என்னமோ மலையைப் புரட்டினது போலக் களைத்துப் போய்க் கலைந்துவிடும். மற்றதெல்லாம் அடுத்த வருஷம்.

இந்த வருஷம் ஒருவழியாக வரிசையில் முதலிடம் அவளுடைய செடிக்கு வந்திருந்தது. பட்டியலில் ஏறிவிட்டால் குவாரி அந்தச் சரிவில் கை வைக்க முடியாது. ஏறாவிட்டால் மழை விட்டதும் வெடி வைத்துவிடுவார்கள். குவாரி மேனேஜர் இதையெல்லாம் ஒளித்து வைக்கிற ஆள் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டில் அவளைப் பார்த்ததும், "என்னம்மா, பிள்ளை சௌக்கியமா?" என்று கேட்பார். "உங்க புண்ணியத்துல இன்னும் உயிரோட இருக்கு" என்பாள் அவள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். வாரத்தில் அவளிடம் யாராவது சிரித்துப் பேசினார்கள் என்றால் அது அந்த ஒரு நிமிஷம்தான்.

அலுவலகத்தில் அவளுக்கு மலைக்காரம்மா என்று பெயர். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். அபூர்வமான செடி இருக்கும் இடத்தை வெளியாளிடம் சொல்லக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் சட்டம். சொன்னால் எவனாவது வேரோடு கிண்டிக்கொண்டு போய்விடுவான். உண்மையைச் சொன்னால் அந்தச் சட்டம் அவளுக்கு ரொம்ப வசதியாக இருந்தது. சனிக்கிழமை எங்கே போகிறாய், எந்த விசேஷத்துக்கும் ஏன் தலைகாட்டுவதில்லை என்று யார் கேட்டாலும் "சொல்லக் கூடாது" என்று முடித்துக்கொள்ளலாம். நாளடைவில் கேட்கிறவர்களே இல்லாமல் போனார்கள்.

அக்கா மட்டும் விடவில்லை. ஞாயிறு தவறாமல் போன் பண்ணுவாள். இவள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, காய்ந்த இலைகளைத் தாளில் ஒட்டிக்கொண்டே "ம்... ம்..." கொட்டிக்கொண்டிருப்பாள். கடைசியில் அக்கா, "ஒரு தடவை வந்துட்டுதான் போயேண்டி" என்பாள். இவள், "வேலை இருக்குக்கா" என்பாள். அத்தோடு அந்த வாரம் முடிந்தது.

குழு கூடுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது அக்காவுக்குக் கண்ணில் ஆபரேஷன். மாமா போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிவிட்டது, பிள்ளை வெளிநாட்டில். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். வேறு ஆள் இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ரயில் ஏறினாள். மீட்டிங் இந்த வருஷம் கம்ப்யூட்டரில்தானே, எங்கே உட்கார்ந்தால் என்ன.

அக்காவின் வீடு இரண்டாவது மாடியில். பின்னாலேயே ரயில் பாதை, பாறையைக் குடைந்து போட்டது. வந்த அன்று சாயங்காலம் பால்கனியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனவள், கையில் ஒரு தலையணை உறையோடு அப்படியே நின்றுவிட்டாள். கீழே பாதையின் இரண்டு கரையிலும் மஞ்சள் மஞ்சளாக இருந்தது.

வீட்டுச் செருப்போடு இறங்கி ஓடினாள். வேலிக் கம்பியில் புடவை மாட்டிக் கிழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்த்தாள். தீக்குச்சி. இன்னொன்றைக் கசக்கினாள். அதுவும் தீக்குச்சிதான். கரையோடு லெவல் கிராசிங் வரை நடந்தாள். அதைத் தாண்டியும் இருந்தது. எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டாள். எண்ணுகிற அளவுக்குக் குறைவான செடியைத்தான் இத்தனை வருஷம் எண்ணிப் பழக்கம்.

திரும்பி வந்தபோது அக்கா ஒரு கண்ணில் கட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கடி போனே, சொல்லாம கொள்ளாம? பயந்தே போயிட்டேன்."

"அக்கா, கீழே அந்த மஞ்சள் பூச் செடி... எத்தனை நாளா இருக்கு?"

"அதுவா? நான் இந்த வீட்டுக்குக் குடி வந்ததுலேர்ந்து இருக்கு. ரயில்வேக்காரங்க மெஷின் வச்சு வெட்டித் தள்ளுவாங்க. வெட்ட வெட்ட ஜாஸ்தியாத்தான் வருது, சனியன். காத்தடிச்சா துணியெல்லாம் தீப்பெட்டி நாத்தம். உன்கிட்டதான் போன்ல எத்தனை தடவை கேட்டிருக்கேன், இது என்ன செடின்னு?"

"நான் என்ன சொன்னேன்?"

"ம்-னு சொன்னே."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. செடி பிழைத்திருக்கிறது, செழித்திருக்கிறது. ஆனால் அவளுக்கு வயிறு எரிந்தது. அந்தச் சரிவில் ஒரு கன்றுக்கும் நோகக் கூடாதென்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தவள் அவள். இங்கே மெஷினால் வெட்டுகிறார்கள், சனியன் என்று திட்டுகிறார்கள், அது பாட்டுக்கு வளர்கிறது. தன்னை விட்டால் அதற்கு வேறு யாரும் இல்லை என்று இத்தனை காலம் நம்பியிருந்தாள். அதற்கு என்னடாவென்றால் வழி நெடுக சொந்தக்காரர்கள்.

அந்த வாரம் முழுக்க அவள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அக்காவுக்கு ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தாள், மருந்து விட்டாள், துணி மடித்தாள். மனசு மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? இந்தப் பாதையில் தினமும் ஆயிரம் பேர் போகிறார்கள், ஒருத்தரும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை. சரிவு பிழைக்கும். பாறை பிழைக்கும், பாறையில் குடியிருக்கும் பல்லி ஓணான் எல்லாம் பிழைக்கும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் யாருக்கு என்பது மீட்டிங்கில் தெரிந்தது.

அக்கா படுத்திருந்த அறையிலேயே ஒரு ஸ்டூலில் கம்ப்யூட்டரை வைத்து உட்கார்ந்திருந்தாள். குழுத் தலைவர் தொண்டையைச் செருமினார். "எல்லாரும் ரிப்போர்ட்டைப் படிச்சாச்சு. குறை சொல்ல ஒண்ணும் இல்ல. வழக்கமான கேள்வி ஒண்ணு, பதிவுக்காகக் கேக்கறேன் மேடம். இந்தச் செடியை வேற எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

இல்லை என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில், அவளைப் போலவே ஒரு செடிக்காக வருஷா வருஷம் காத்திருக்கும் குளத்துக்காரர் தெரிந்தார். வரிசையில் இரண்டாவது அவருடைய செடி. ஒரே ஒரு குளத்தில், விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தக் குளத்தையும் தூர்த்துக் கட்டடம் கட்டப் போகிறார்கள். அடுத்த வருஷக் கூட்டத்துக்குள் அங்கே தண்ணீரும் இருக்காது, செடியும் இருக்காது. மற்றவர்கள் தலைவரைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் காகிதங்களைத் தட்டி அடுக்கிப் பைக்குள் வைக்க ஆரம்பித்திருந்தார். அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லக் கேட்டுவிட்டு, அந்த முகத்தோடுதான் அவள் பஸ் ஏறியிருக்கிறாள்.

"இருக்கு" என்றாள். "ஆயிரக்கணக்குல இருக்கு. இப்ப நான் உட்கார்ந்திருக்கிற வீட்டுக்குப் பின்னாடியே இருக்கு."

தலைவர், "அட! இது நல்ல செய்தியாச்சே மேடம்!" என்றார். யாரோ கைகூடத் தட்டினார்கள். ரயில் பாதை, வெட்டினாலும் துளிர்ப்பது, எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, கவலைப்பட அவசியமில்லாத செடி என்று முடித்துவிட்டார்கள். முதலிடம் காலியாகிவிட்டதால் குளத்துக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் பையிலிருந்து காகிதங்களை உருவிய அவசரத்தில் பாதி கீழே விழுந்தது. அவர் நன்றாகவே பேசினார். அவருடைய செடி ஏறிவிட்டது. அவளை யாரும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் முடிந்து கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"என்ன சொன்னாங்க?" என்றாள் அக்கா, படுத்தபடியே.

"நல்ல செய்தின்னு சொன்னாங்க."

"அப்புறம் ஏண்டி அழறே?"

இனி மறைக்க என்ன இருக்கிறது. முதல் தடவையாக அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தச் சரிவு எங்கே இருக்கிறது, எந்த பஸ்ஸில் போக வேண்டும், எந்தப் பாறையில் உட்கார்ந்து சாப்பிடுவாள், மேனேஜர் என்ன கேட்பார், வெயில் தணிந்து பூ விரியும்போது எப்படி இருக்கும் என்பதையெல்லாம் செத்துப்போனவரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். அக்கா ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மழை விட்டதும் வெடி வச்சுடுவாங்கக்கா" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே சனிக்கிழமைன்னா நான் எங்க போவேன்? போறதுக்கு எனக்கு வேற இடமே இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான், எங்கே உட்கார்ந்து யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

அக்கா கட்டுப் போடாத கண்ணால் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி" என்றாள். "சாயங்காலம் மருந்து விடணும். மறந்துடாதே."

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.