ஏழாவது குழி

மின்கம்பம் நடத் தோண்டியிருந்த ஏழாவது குழிக்குள் அம்சவல்லி இறங்கி நின்றபோது காலை பத்து மணி இருக்கும். தேயிலைக் கொழுந்துக்கூடையை விளிம்பில் வைத்துவிட்டுச் சறுக்கி இறங்கியிருந்தாள். குழி இடுப்பளவு ஆழம். கம்பங்களை ஏற்றி வந்த லாரி அவளுக்கு எதிரே நின்றுவிட்டது.

1986-ஆம் வருடம் அது. மேட்டிலிருந்த, தோட்ட மேலாளரான துரையின் பங்களாவுக்குக் கம்பி போகிறது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தின் இருபத்திரண்டு கூரைகளுக்கு மேலாகத்தான் போகிறது, ஆனால் லயத்துக்கு ஓர் இணைப்பும் கிடையாது. போன மாதம்தான் அவள் மகள் சரோஜா மண்ணெண்ணெய் விளக்கடியில் படிக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டாள்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சாம்பசிவம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். கெட்டவரில்லை. லயத்துக்கு விளக்குக் கேட்டு அவள் கொடுத்த மூன்று மனுக்களையும் ஆங்கிலத்தில் எழுதித் தந்தவரே அவர்தான்.

"மேல வாம்மா. அணையில தண்ணி கொறைஞ்சி கெடக்கு. லயத்துக்கெல்லாம் கரண்டு பத்தாதுன்னு துரை சொல்லிட்டாரு லா."

"பங்களாவுக்கு மட்டும் பத்துமா? அணைய மட்டும் நம்பியா இந்த நாடு ஓடுது, கிராணியாரே? கடலுக்கு அடியிலேருந்து கேஸ் வருதுல்ல?"

அவள் கணவன் நாகப்பன் கிழக்குக் கரையில் எரிவாயு மின் நிலையம் கட்டியபோது இரண்டு வருடம் வெல்டிங் வைத்துக் குழாய் ஒட்டியவன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அதையே பேசுவான். மழை பொய்த்தாலும் அந்த நிலையம் ஓடும், அணைகள் விட்ட குறையை அதுதான் நிரப்பும், நாடு முழுக்க ஒரே கம்பிவலை என்பான். அவளுக்குப் பெருமையாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். வேலை முடிந்து திரும்பியபோது அவனுக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை.

இப்போது அவன் லயத்து வாசலிலிருந்து மெதுவாக வந்துகொண்டிருந்தான்.

"வேணாம் வல்லி. வேலையிலேருந்து பேரை வெட்டிருவாங்க."

"வெட்டட்டும். நீங்க ஒட்டுன பைப்புல வர்ற கரண்டு நம்ம தலைக்கு மேல போவும், நாம பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

கிராணி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"துரைகிட்ட நான் என்னான்னு போய்ச் சொல்ல?"

"ஏழாவது குழியில ஆளு நட்டிருக்குன்னு சொல்லுங்க."

கிராணியின் மோட்டார் சைக்கிள் பங்களாப் பக்கம் ஏறிப் போனது. லாரிக்காரன் இன்ஜினை அணைத்தான். தூறல் ஆரம்பித்தது. சரிவில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன. முதலில் மாரியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆறாவது குழிக்குள் இறங்கினாள். அடுத்து ருக்குமணி. பாதையோரம் நீண்ட வரிசையில், மண்ணுக்கு மேலே தலைத்துணிகள் நனைந்துகொண்டிருந்தன. நாகப்பன் எட்டாவது குழியின் விளிம்பைக் காலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.