இடது பக்கம் நின்றவள்

வசந்தத்தில் நகரத்துக் கண் டாக்டரம்மா ரஷ்ய மொழியில் படபடவென்று சொல்லி முடித்து, "புரிஞ்சுதா?" என்று கேட்டபோது, கிர்கிஸ் குதிரைக்காரன் இமானலியும் அவன் மனைவி துர்துகானும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். படித்தவர் முகத்துக்கு நேரே புரியவில்லை என்று சொல்வது மரியாதையா என்ன? துர்துகானுக்குப் பிடிபட்டது இரண்டே விஷயம்: கண்ணுக்குள்ளே அழுத்தம், தினமும் இரவு ஒரு சொட்டு.

மேய்ச்சல் மலைக்கு ஏறிய முதல் வாரமே மருந்து கண்ணை எரித்தது. வலியே இல்லாத கண்ணுக்கு எதற்கு இந்தத் தண்டனை என்று இமானலி முனகினான். குதிரைக்காரனின் பார்வைச் சோதனையே வேறு மாதிரி. கூடார வாசலில் நின்று எதிர்மலையைப் பார்த்தான்.

"நம்ம செவலைக்குப் பின்னால நிக்கிறது பக்கத்துக் கூடாரத்து ஒஸ்மோனோட பெட்டைக்குதிரை. தொடையில சூட்டுக்குறி தெரியுது பாரு."

"எனக்கு அங்க குதிரையே தெரியல. உங்க கண்ணுக்கா மருந்து? அந்த டாக்டரம்மா தன் கண்ணுல விட்டுக்கட்டும்."

அன்றே மருந்துக்குப்பியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். வலித்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். கோடை முழுக்க வலிக்கவே இல்லை.

மலையிறங்கும் நாள் நெருங்கியபோது, ஒரு காலை அவன் இடது பக்கம் நின்று, புளித்த குதிரைப்பாலான குமிஸ் நிறைந்த கிண்ணத்தை நீட்டினாள். அவன் வாங்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முந்தின நாள் அவன் தம்பியைக் குத்தலாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். அதற்கு இத்தனை ரோஷமா? அவளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பேசாமல் நீட்டுவதும் பேசாமல் எடுத்துப் போவதுமாக மூன்று நாள் போனது. நான்காம் நாள் அவன் இடது தோளை வாசல் நிலையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"அடிபட்டவனுக்காவது ஒரு வாய் குமிஸ் குடு. நாலு நாளா ஏன் தர மாட்டேங்கிற?"

"தினமும் பக்கத்துல நின்னு நீட்டுறேனே."

"எங்க நின்ன?"

மலையிறங்கி நகரத்துக்குப் போனபோது, டாக்டரம்மா இந்த முறை கிர்கிஸ் தெரிந்த நர்சை வைத்துக்கொண்டு பேசினார். காகிதத்தில் வட்டம் போட்டு, ஓரத்திலிருந்து கறுப்பாக்கினார்.

"இந்த நோய் இப்படித்தான் பார்வையை ஓரத்திலிருந்து தின்னுகிட்டு வரும். வலிக்காது. நடுப்பார்வை கடைசியிலதான் போகும். இடது கண் போயிடுச்சு, திரும்பாது. வலது கண்ணுல இருக்கிற மிச்சத்துக்கு உயிருள்ளவரைக்கும் மருந்து விடணும். அன்னைக்கே சொன்னேன். புரிஞ்சுதான்னு கேட்டேன், தலையாட்டினீங்க."

இந்த வட்டத்தை அன்றைக்கே போட்டுக் காட்டியிருக்கக் கூடாதா? துர்துகானுக்கு டாக்டர் மேல் ஆத்திரம் வந்தது. தன் மேல் அதைவிட அதிகமாக வந்தது. குப்பியைச் சுற்றி வைத்தது அவள் கைதானே.

வெளியே வந்ததும் இமானலி நின்றான்.

"எங்க இருக்க?"

"இங்கதான்."

"இந்தப் பக்கம் வா. இன்னும் கோபமா இருக்கியான்னு பார்க்கணும்."

அவள் வலது பக்கம் வந்து நின்றாள். முகத்தைத் துடைத்துக்கொள்ள நேரமிருக்கவில்லை.