ஏரம்பமூர்த்தி வீட்டு வடகிழக்கு

பாயான் பாருவில் அந்த வரிசை வீடுகளைக் கட்டிய குத்தகைக்காரர், முன்வாசலுக்குக் கான்கிரீட் ஊற்றிய அன்று கடலைப் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும். தரை ஓரிடத்தில் அலை மாதிரி ஏறியது, இன்னோரிடத்தில் இறங்கியது. மழை பெய்தால் நடுப்பள்ளத்தில் தவளைகள் குடும்பத்தோடு வந்து தங்கின.

அந்தத் தரைமேல் சதுரச் சிமெண்டுக் கற்களை ஆட்டமில்லாமல் பதித்துக் கொடுத்தால் தன் மகள் புஷ்பராணியைப் பற்றிக் கதைக்கலாம் என்று ஏரம்பமூர்த்தி சொல்லியிருந்தார். தருகிறேன் என்று சொல்லவில்லை, கதைக்கலாம் என்றார். அவளைப் பெண் கேட்டு நின்ற அர்ஜுனனுக்கு அதுவே பெரிது. மூன்று வருடமாக அவர் 'பார்க்கலாம்' என்பதைத் தாண்டியதே இல்லை.

ஏரம்பமூர்த்தி நில அளவை ஆபீசில் முப்பத்து மூன்று வருடம் கிராணியாக எழுத்து வேலை பார்த்தவர். நிலத்தை அவர் நேரில் அதிகம் பார்த்ததில்லை, வரைபடத்தில் பார்த்திருக்கிறார். "கோடு விழுந்தால் விழுந்ததுதான் தம்பி. நிலம்தான் ஒத்துப்போகோணும்" என்பார். ஓய்வுபெற்றபோது ஆபீசில் பித்தளைத் திசைகாட்டி ஒன்று பரிசளித்தார்கள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் பாசாருக்கு மீன் வாங்கவும் போவார்.

முதல் சனிக்கிழமை அர்ஜுனன் நூல் கட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் வெளியே வந்தார்.

"தம்பி, வாட்டம் எந்தப் பக்கம் வைக்கிறீர்?"

"ரோட்டுப் பக்கம் அங்கிள். தண்ணி நேரா லோங்காங்ல போய் விழுந்திரும்."

"சாக்கடைக்கோ? ஒரு வீட்டுத் தண்ணி ஈசான மூலைக்குத்தான் ஓடோணும். வடகிழக்குக்கு. அப்பதான் லட்சுமி தங்குவா."

அர்ஜுனன் சூரியனைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். வடகிழக்கில் வீட்டு ஹால் இருந்தது.

"அங்கிள், வடகிழக்குல உங்க சோபா இருக்கு."

"அடுத்த ஞாயிறு நானே திசைகாட்டி வச்சுக் கோடு போட்டுத் தாறன். அதுவரைக்கும் பள்ளங்களை நிரப்பும். கல் பதிக்க வேண்டாம்."

திங்கட்கிழமை தொழிற்சாலைக் கேன்டீனில் அர்ஜுனன் மீ கோரேங் நூடுல்ஸைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். "உங்கப்பா சொல்றபடி செஞ்சா முதல் மழையிலேயே லட்சுமி சோபாவுல வந்து உக்காந்துக்குவா. 'இவன் வேலை இப்படித்தான்'னு என்னைத் துரத்திருவார். சொன்னபடி செய்யலேன்னா இன்னைக்கே துரத்திருவார்."

அதே தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்த புஷ்பராணி அவன் தட்டிலிருந்து ஒரு இறாலை எடுத்துத் தின்றாள்.

"அப்பா சூரியனை நம்ப மாட்டார். என்னையும் நம்ப மாட்டார். திசைகாட்டியை நம்புவார். நாம என்ன செய்யிறோம் இங்க?"

"ஸ்பீக்கர்."

"ஸ்பீக்கருக்குப் பின்னால என்ன இருக்கு?"

அர்ஜுனன் முதல் வாய் மீயை எடுத்தான்.

சனிக்கிழமை புஷ்பராணியின் சாப்பாட்டு டப்பாவில் சோற்றுக்குப் பதிலாக, விளிம்பு உடைந்ததால் கழித்துப்போட்ட இரண்டு காந்த வளையங்கள் வந்தன. அவளுடைய சாவிக்கொத்தில் தொங்கிய குட்டித் திசைகாட்டியை வைத்து, முள் லோங்காங் பக்கத்தை வடகிழக்கென்று வணங்கும்வரை அர்ஜுனன் அவற்றை நடுப்பள்ளத்தில் திருப்பித் திருப்பி வைத்தான். பிறகு சிமெண்டுக் கலவையால் மூடிக் கரணையால் கண்ணாடிபோல் இழைத்தான். மற்ற பள்ளங்களை நிரப்பியபோது கை ஏனோ அவ்வளவு சுத்தமாக வேலை செய்யவில்லை.

ஞாயிறு காலை ஏரம்பமூர்த்தி திசைகாட்டியோடு இறங்கினார். ஓரத்தில் வைத்தார், சரிந்தது. படியருகே வைத்தார், ஆடியது. தரை முழுவதும் தேடி, சமமாக இருந்த ஒரே இடத்தில் வைத்தார். முள் சுற்றி நின்றது. அவர் புருவம் உயர்ந்தது.

"வடகிழக்கு... ரோட்டுப் பக்கமெல்லோ!"

"அப்படியா அங்கிள்?" என்றான் அர்ஜுனன், ரப்பர் சுத்தியலைத் துடைத்தபடி.

சன்னலிலிருந்து அவர் மனைவி ஞானாம்பிகை எட்டிப்பார்த்தார். "என்னப்பா கதைக்கிறியள்? காலமை சமைக்கேக்க வெயில் குசினிக்குள்ள வருது. குசினி பின்னாலதானே இருக்கு?"

"சூரியன் எப்பவாவது சர்வே ஆபீசில வேலை பாத்ததோ?" என்று கேட்டுவிட்டு, லோங்காங்கை நோக்கிச் சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார்.

கோடு விழுந்தது. கற்களும் விழுந்தன. அர்ஜுனன் ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் கலவையை நிறைத்து, தட்டி, நான்கு மூலையிலும் ஏறி நின்று பார்த்தான். எதுவும் ஆடவில்லை. அடுத்த வாரம் பெருமழை. பக்கத்து வீட்டு ஜபருல்லா ஹாலிலிருந்து வாளி வாளியாக இறைத்துக்கொண்டிருந்தார். ஏரம்பமூர்த்தி வீட்டு முன்வாசலில் தவளைக்குக்கூட இடமில்லை. தண்ணீர் மரியாதையாக லோங்காங்கில் இறங்கியது.

"பாத்தியோ ஈசானத்தை!" என்றவர் அன்றைக்கே கதைத்தார். தையில் நிச்சயம் என்று முடிவாயிற்று, அதுவும் புதுக் கல் பதித்த முன்வாசலிலேயே.

நிச்சயதார்த்தக் காலையில் ஐயர் பலகையை வீட்டைப் பார்த்துப் போட்டார். "மாப்பிள்ளை கிழக்கே பாத்து உக்காரணும்."

"பொறும் ஐயர், அளந்து வைப்பம்" என்று ஏரம்பமூர்த்தி திசைகாட்டியை எடுத்தார். நடுக்கல்லில் ஏற்கெனவே குத்துவிளக்கு இருந்தது. அதனால் நாலு கல் தள்ளி வைத்தார். முள் குசினியைக் கிழக்கென்றது.

அர்ஜுனனுக்குப் பட்டுச்சட்டைக்குள் வியர்த்தது.

ஏரம்பமூர்த்தி குத்துவிளக்கை நகர்த்தச் சொன்னார். நடுக்கல்லில் வைத்தார். முள் அரைவட்டம் அடித்தது, கிழக்கு லோங்காங் பக்கம் போயிற்று. மறுபடி நாலு கல் தள்ளி, குசினி. மறுபடி நடுக்கல், லோங்காங். குனிந்தபடியே தலையைத் திருப்பி மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். புஷ்பராணி மருதாணி காய்ந்துவிட்டதா என்று கையை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

சபை காத்திருந்தது. அவருடைய பழைய ஆபீஸ்காரர்கள் ஆறு பேர் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் இந்த ஈசானக் கதையை அவர் மூன்று தடவையாவது சொல்லியிருந்தார்.

ஏரம்பமூர்த்தி திசைகாட்டியை மூடிப் பைக்குள் போட்டார்.

"ஐயர், கிழக்கு ரோட்டுப் பக்கம். பலகையைத் திருப்பிப் போடும்."

"சூரியன் பின்னாடி இருக்கே சார்?"

"கோடு விழுந்தால் விழுந்ததுதான்."

பலகை திரும்பியது. அர்ஜுனன் லோங்காங்குக்கு மூன்றடி முன்னால், அதை நேருக்கு நேர் பார்த்து உட்கார்ந்தான். மழை நின்று இரண்டு வாரமாகியிருந்ததால் வாசனை நன்றாகவே வந்தது. மாலையைச் சரிசெய்கிற சாக்கில் மாமனார் அவன் காதருகே குனிந்தார்.

"மூச்சை நல்லா இழுத்து விடும் மருமகன்" என்றார். "மந்திரம் முடிய ரெண்டு மணித்தியாலம் ஆகும். சுருக்க வேண்டாம் எண்டு ஐயரிட்டச் சொல்லிட்டன்."