அன்னம்மாள் கோயில் தண்ணீர்

ஏழு முறை விட்டு விட்டு அலறிய சங்கு, எட்டாவது முறை மூச்சைப் பிடித்து நீளமாக ஊதியது. அல்போன்சம்மாள் மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ட்ரில்லுதான் லா, பயப்படாதீங்கக்கா," என்றாள் பக்கத்து வீட்டு ஃபஸீலா. "கப்பல் இன்னும் மரினா பே துறையை விட்டே நகரலை. அதுக்குள்ள முழுகவா போகுது?"

அல்போன்சம்மாளின் பயம் கப்பலைப் பற்றியது அல்ல. மூன்று வருடமாகப் பார்க்காத மகன் ஜோனா இந்தக் கப்பலில்தான் வேலை செய்கிறான். ஃபஸீலாவின் பேத்தி போனில் எதையோ தேடப்போய், சமையல்காரத் தொப்பியோடு அவன் நிற்கும் படத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். பின்னால் கப்பலின் பெயர் கொட்டை எழுத்தில் தெரிந்தது. அந்த வாரமே இரண்டு பேருக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. வியாழன் ஏறினால் ஞாயிறு காலை ஏழு மணிக்குத் திரும்ப சிங்கப்பூர். அன்று பதினொரு மணிக்குத் தெம்பனிஸ் தேவாலயத்தில், அவள் கணவர் லாசரஸுக்கு முப்பதாம் நாள் பூசை. அதில் மகன் வந்து நிற்க வேண்டும். அதைக் கேட்கத்தான் அறுபத்து மூன்று வயதில் கப்பல் ஏறியிருக்கிறாள்.

இருவரும் உயிர்காப்புச் சட்டையோடு ஆறாவது டெக் சாப்பாட்டுக் கூடத்துக்கு இறங்கினார்கள். அவர்களுக்கு ஒதுக்கிய இடம் அதுதான். வாசலில் ஆரஞ்சு நிற மேற்சட்டை போட்டு, ஒவ்வொருவரின் அறை அட்டையையும் வாங்கிக் கருவியில் காட்டிக்கொண்டிருந்தான் ஒருவன். இளைத்திருந்தான். கன்னத்தில் எலும்பு தெரிந்தது.

அல்போன்சம்மாள் அட்டையை நீட்டினாள். கருவி 'பீப்' என்றது. திரையில் விழுந்த பெயரை அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பெயரிலிருந்து முகத்துக்குக் கண்ணை உயர்த்தவே இல்லை.

"தேங்க் யூ மேடம். ப்ளீஸ், உள்ள போங்க."

"மேடமா?" ஃபஸீலா கொதித்துப்போனாள். "பத்து மாசம் சுமந்தவ மேடமா? காதைத் திருகி இழுத்துட்டு வரவா அக்கா?"

"சும்மா இரு. வேலை நேரம்."

சொல்லிவிட்டு அல்போன்சம்மாள் கூட்டத்தோடு உள்ளே நடந்தாள். குருமடத்தில் இரண்டாம் வருடம் படிக்கும்போதுதான் ஜோனா பெட்டியோடு வீட்டுக்கு வந்து நின்றான். சாமியாராக மாட்டேன் என்றான். மகன் பூசை வைக்கப்போகிறான் என்று பங்கு மக்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்த லாசரஸ், "என் மூஞ்சியில முழிக்காதே," என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அவன் போனான். போனவன் போனவன்தான்.

லாசரஸ் மாரடைப்பில் போனபோது சேதி அனுப்பினாள். இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. அடுக்குமாடிக்குக் கீழே, வாய்ட் டெக் என்னும் திறந்த தளத்தில் சவப்பெட்டி இருந்த மூன்று நாளும், லிஃப்ட் மணி அடிக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தாள். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

ஐந்து மணிக்குக் கப்பல் நகர்ந்தது. மேல்தளத்தில் பாட்டு, பலூன், கூச்சல். நகரத்துக் கட்டடங்கள் ஒவ்வொன்றாகச் சிறுத்துக்கொண்டே போயின. எல்லோரும் கையை ஆட்டினார்கள், யாருக்கென்று தெரியாமலே.

ஏழு மணிக்கு அதே சாப்பாட்டுக் கூடம். ஃபஸீலா ஹலால் பலகையைத் தேடிக்கொண்டு போய்விட்டாள். மூலையில் பரோட்டாக் கல். கல்லுக்குப் பின்னால், படத்தில் பார்த்த அதே தொப்பி. அல்போன்சம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் பதினோரு பேர். ஒவ்வொருவராகக் குறையக் குறைய, கையில் இருந்த வெறும் தட்டு கனத்தது.

"கோசோங்கா, முட்டையா?" வெறும் பரோட்டாவா, முட்டை போட்டதா என்று மாவை வீசியபடியே கேட்டான். பார்வை மாவிலேயே இருந்தது.

"ஜோனா."

வீசிய மாவு கல்லில் ஒருபக்கமாகச் சரிந்து விழுந்தது.

"கெஸ்ட்டோட நின்னு பேசக்கூடாதும்மா. சூப்பர்வைசர் பார்க்கிறாரு."

"பார்க்கட்டும். ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு முப்பதாம் நாள். ரெண்டு மணி நேரம் கேட்டு வாங்கிட்டு வா. யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க. கடைசி பெஞ்சுல நின்னாப் போதும்."

"வரலைம்மா."

"செத்த மனுசன்கிட்டயாடா கோபம்?"

"கோபம் இல்லை."

"பின்ன?" பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். அவள் அசையவில்லை. "அவரும் கல்லு இல்லடா. ஜூலையில உனக்காக வேண்டிக்கிட்டு, புக்கிட் மெர்தாஜம் அன்னம்மாள் கோயிலுக்கு, மலேசியா வரைக்கும் பஸ் ஏறினாரு. தனியா. கூட வரேன்னேன், வேணாம்னுட்டாரு. மூணு நாள் கழிச்சு வந்தவரு வாயே திறக்கலை. கோயில் தண்ணி கொண்டாங்கன்னு பாட்டில் கொடுத்து விட்டேன், அதையும் காலியாவே திருப்பிக் கொண்டாந்தாரு. கூட்டத்துல மறந்துட்டேன்னாரு. மூணே வாரம், போயிட்டாரு. அந்தப் பாட்டிலு இன்னும் அலமாரிலதான் இருக்கு. அவருக்கு மனசுல நீ இல்லைன்னா எதுக்குடா அவ்வளவு தூரம் போகணும்?"

பரோட்டா கருகும் வாடை வந்தது. ஜோனா திருப்பிப் போடவில்லை. அவள் கையிலிருந்த வெறும் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, மூன்று வருடத்தில் முதல் தடவையாக, அவள் முகத்தைப் பார்த்தான்.

"அப்பா புக்கிட் மெர்தாஜம் போகலைம்மா... மூணு நாளும் நீங்க நிக்கிற இதே இடத்துல தட்டோட வந்து நின்னாரு, நான்தான் அவரைப் பார்க்காத மாதிரி, 'நெக்ஸ்ட்'னு பின்னால நின்ன ஆளைக் கூப்பிட்டேன்."